கூடிக் கேட்கும் செல்வம்

அண்மையில் ஒரு காரியமாக மேல்சித்தாமூருக்குச் சென்றிருந்தோம். பஸ்ஸில் நமக்கு முன் ஆசனத்தில் இரண்டு வாலிபர்கள் அமர்ந்திருந்தார்கள். ஒருவருடைய கைபேசியிலிருந்து வந்த ஒயர் இரண்டாகப் பிரிந்து, ஒரு முனை அவர் காதிலும் மறு முனை அவருடைய தோழர் காதிலுமாகச் செருகப்பட்டிருந்தது. இரண்டு தலைகளும் ஒரே தாளத்துக்கு அசைந்தன. பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் என்ன பாட்டு என்று விசாரித்தார். அமெரிக்கக் கறுப்பர் ஒருவருடைய ராப் பாட்டு என்று பதில் வந்தது. பெரியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. “தேவாரம் இருக்கிறது, திருப்புகழ் இருக்கிறது, பாரதி பாட்டு இருக்கிறது. இவ்வளவையும் விட்டுக் காப்பிரிப் பாட்டைக் கேட்கவா தம்பி சுயராஜ்யம் வாங்கினோம்?” என்றார். வாலிபர்கள் மறுவார்த்தை பேசாமல் ஒயரைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

பெரியவருடைய தேசபக்தியில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், அவர் வெறுத்து ஒதுக்கிய அந்தப் பாட்டுக்கும் நமது சுயராஜ்யத்துக்கும் உள்ள உறவை அவர் அறியமாட்டார் என்பது நிச்சயம். அவர் மட்டுமன்று, தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்கள் பலரும் அறியாதிருக்கிறார்கள். அது பற்றியே இன்று எழுதத் துணிந்தோம்.

‘காப்பிரி’ என்ற சொல் செஞ்சிச் சீமைக்குப் புதியதன்று. 1750-இல் புஸ்ஸியின் படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது. 1761-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் படைகளில் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். மொரீஷியஸ் முதலிய தீவுகள் வழியாக அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். ஆனந்தரங்கம் பிள்ளையின் தினசரியைப் படித்தவர்களுக்கு அவர்கள் பரிச்சயமானவர்களே. 2025-இல் யுனெஸ்கோ சபையார் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் செஞ்சியும் ஒன்றாயிற்று. நமக்கெல்லாம் பெருமைதான். கோட்டையை யார் கட்டினார், யார் பிடித்தார், யார் இழந்தார் என்பதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஊர் விட்டு ஊர் கடத்தப்பட்டு அந்த மதில்களுக்காகப் போரிட்ட மக்கள் நமக்கு ஒரு வசைச் சொல்லாக மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள்.

மேல்சித்தாமூர் இதற்கு நேர் எதிரான பாடத்தைக் கற்பிக்கிற ஊர். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் அங்கே இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலும், பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய மலைநாதர் கோயிலும் இருக்கின்றன. நயினார் என்று ஊரார் அழைக்கும் அந்தச் சமூகத்தார் தொகையில் மிகச் சிலர். அரசர்களின் ஆதரவு அவர்களை விட்டகன்று பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் அவர்கள் தமிழும் சமயமும் அழியவில்லை. எதனால்? ஏடெழுதித் தானம் செய்வதைச் சாஸ்திர தானம் என்று புண்ணியமாகக் கொண்டார்கள், அது ஒன்று. அதைக் காட்டிலும் பெரிது, எழுதிய ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், ஒருவர் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்டதாகும். ஸ்ரீபுராணத்தை அப்படித்தான் கேட்டார்கள். சீவக சிந்தாமணியை அப்படித்தான் காப்பாற்றினார்கள். கும்பகோணத்தில் ஆசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையருக்குச் சிந்தாமணியின் சமய வழக்குகள் விளங்காமல் திகைத்தபோது, அவ்வூர்ச் சமண அன்பர்கள் தங்கள் வீட்டில் பரம்பரையாகப் படித்தும் கேட்டும் வந்த பொருளை அவருக்குச் சொன்னார்கள். 1887-இல் அச்சேறிய அந்த மகா காவியத்தின் பின்னே, பெயர் தெரியாத எத்தனையோ பேருடைய காதுகள் இருக்கின்றன.

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்கவில்லை. கேள்விக்கு 42-ஆவது அதிகாரத்தைத் தனியே ஒதுக்கினார். ‘கேள்வி’ என்ற சொல்லைக் கேட்டலுக்கும் வினாவுக்கும் பொதுவாக வைத்திருப்பது நமது பாஷையின் விசேஷம். செஞ்சிச் சீமையில் எழுத்தறியாத குடியானவனுக்குப் பாரதக் கதை முழுவதும் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததா? திரௌபதை அம்மன் உற்சவத்தில் பகலெல்லாம் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்லக் கேட்டு, இரவெல்லாம் தெருக்கூத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதானே! துகிலுரிதல் கூத்தன்று சபையில் எழும் விம்மலைக் கேட்டவர்கள், தனியே உட்கார்ந்து புஸ்தகம் படிப்பதற்கும் கூடிக் கேட்பதற்கும் உள்ள பேதத்தை அறிவார்கள்.

இதே வித்தையால்தான் கடலுக்கு அப்பால் ஒரு ஜாதி பிழைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களிடமிருந்து முதலில் பெயரைப் பறித்தார்கள்; பிறகு பாஷையை; பிறகு தெய்வத்தை. 1739-இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கலகம் செய்தார்கள். மறு வருஷமே சட்டம் வந்தது: அடிமை கையில் முரசு இருக்கக் கூடாது, அவனுக்கு எழுதக் கற்பிப்பவனுக்கு அபராதம். எழுத்தும் முரசும் ஒரே சட்டத்தில் விலக்கப்பட்டதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஆள்பவனுக்கு எது ஆபத்து என்பது ஆள்பவனுக்கு நன்றாகத் தெரியும்.

முரசு போயிற்று, கையும் காலும் இருந்தன. கையைத் தட்டினார்கள், தரையை மிதித்தார்கள், வட்டமாகச் சுற்றி வந்து பாடினார்கள். ஒருவர் அடி எடுக்கப் பலர் திருப்பிச் சொல்வது அவர்கள் முறை. நமது பஜனை கோஷ்டியும் நாற்றுநடவுப் பெண்களும் செய்வதும் அதுவே. அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் சந்தோஷமாயிருப்பதாக எஜமானர்கள் எழுதி வைத்தார்கள். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் 1845-இல் வெளியிட்ட தமது சரித்திரத்தில் அந்த அபத்தத்தைக் கிழித்தெறிந்தார். பாட்டு அதிகமாகும்போது துக்கம் அதிகமாயிருக்கிறது என்று பொருள் என விளக்கினார். ஒப்பாரியைச் சங்கீதக் கச்சேரி என்று எண்ணுகிறவன் நமது நாட்டிலும் உண்டல்லவா?

அறிஞர் டூபாய்ஸ் 1903-இல் எழுதிய நூலின் கடைசி அத்தியாயம் இந்தப் பாட்டுகளைப் பற்றியது. அதில் தமது குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அவருடைய மூதாட்டி ஒருத்தி குழந்தைக்குப் பாடிய பாட்டு, பிள்ளைகளும் பேரர்களுமாக வழிவழியே வந்து அவர் காது வரை எட்டியது. சொற்களின் பொருள் ஒருவருக்கும் தெரியாது. மெட்டின் பொருளோ எல்லாருக்கும் தெரியும். இருநூறு ஆண்டு! ஓர் ஏடு இல்லை, ஒரு கல்வெட்டு இல்லை. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் பெயரைக் கல் காப்பாற்றித் தந்திருக்கிறது. கல்லுக்கு வசதியற்றவர்களைக் காதுதான் காப்பாற்ற வேண்டும்.

1871-இல் நாஷ்வில் நகரத்துப் பிஸ்க் சர்வகலாசாலையின் மாணவர்கள், பெரும்பாலும் அடிமைகளாய்ப் பிறந்தவர்கள், பணமில்லாமல் மூடப்படவிருந்த தங்கள் கல்விச்சாலைக்காக ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டார்கள். அதுவரை வெள்ளையர் சபைகளில் கேளாதிருந்த அடிமைக் கீதங்கள் அப்போதுதான் மேடை ஏறின. அந்தக் கோஷ்டியில் பாடிய லௌடின் என்பவர் பிறகு தாமே ஒரு குழுவைத் திரட்டி 1884 முதல் 1890 வரை உலகம் சுற்றினார். இந்தியாவுக்கும் வந்தார்கள், ஆக்ராவில் தாஜ்மகாலுக்குள் நின்று பாடினார்கள். மும்தாஜுக்காக எழுந்த பளிங்கு மண்டபத்தில் பருத்திக் காட்டு அடிமைகளின் பாட்டு எதிரொலித்தது.

இனிப் பெரியவருக்கு நாம் சொல்ல வேண்டிய முக்கியமான செய்திக்கு வருகிறோம். 1935-இல் ஹோவர்டு தர்மன் என்ற கறுப்புப் போதகரும், அவர் மனைவி சூ பெய்லி தர்மனும், கரோல் தம்பதியரும் இலங்கையில் வந்திறங்கி, தென்னாட்டு வழியே இந்தியா முழுவதும் யாத்திரை செய்தார்கள். கொழும்பில் ஒரு வக்கீல் தர்மனை முகத்துக்கு நேரே கேட்டார்: உம்மைச் சேர்ந்தவர்களை அடிமையாக்கிய மதத்துக்கா நீர் தூதராக வந்திருக்கிறீர்? தர்மன் அதற்குக் கோபிக்கவில்லை. பல மணி நேரம் பதில் சொன்னார். அந்தக் கேள்வி அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. தர்மனுடைய பாட்டி அடிமையாயிருந்தவர், படிக்கத் தெரியாதவர். பேரன்தான் அவருக்கு வேதாகமம் படித்துக் காட்டுவது வழக்கம். அவர் பவுலின் நிருபங்களை மட்டும் படிக்கவிடமாட்டாராம். எஜமானரின் போதகர் எப்போது வந்தாலும் அடிமைகள் அடங்கி நடக்க வேண்டும் என்ற வசனத்தையே அங்கிருந்து எடுத்துப் படித்ததுதான் காரணம். எதைக் கேட்பது, எதைக் கேட்க மறுப்பது என்று அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

1936 பிப்ரவரி 21-ஆந் தேதி பர்தோலியில் மகாத்மாவைத் தர்மன் தம்பதியரும் எட்வர்டு கரோலும் சந்தித்தார்கள். மகாத்மா அப்போது உடல்நலம் குன்றியிருந்தார். ஆயினும் கூடாரத்தை விட்டு வெளியே வந்து விருந்தினரை வரவேற்றார். மகாதேவ தேசாயிக்கே அது ஆச்சரியமாயிருந்தது. நெடுநேரம் மகாத்மாவே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்: கறுப்பு மக்களுக்கு வோட்டு உண்டா, நீதி உண்டா, கூட்டமாய்ப் பிடித்துத் தூக்கிலிடும் கொடுமை எப்படி? பிறகு அவர்கள் அகிம்சையைப் பற்றிக் கேட்டார்கள். கலப்பற்ற அகிம்சையின் செய்தி கறுப்பு மக்கள் வாயிலாகவே உலகுக்குக் கிடைக்கக்கூடும் என்ற பொருள்பட மகாத்மா சொன்னதை அந்த மார்ச்சு மாத ‘ஹரிஜன்’ பத்திரிகை வெளியிட்டது. புறப்படும் சமயம் மகாத்மா அவர்களிடம் வேண்டியது ஒன்றே. ஒரு பாட்டு. சிலுவையேற்றத்தின்போது நீ அங்கிருந்தாயா என்று கேட்பவரை உருக்கமாய் வினவும் அடிமைக் கீதத்தை அவரே பெயர் சொல்லிக் கேட்டார். மனித குலத்தின் துன்ப அநுபவம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக அவர் கருதினார். அவர்கள் பாடினார்கள். மகாத்மாவும் உடனிருந்தோரும் தலை தாழ்த்திக் கேட்டார்கள்.

ஆம், பெரியவரே! ‘காப்பிரிப் பாட்டை’ நமது நாட்டில் கூடியிருந்து கேட்ட சபைகளுள் தலைமையானது மகாத்மாவின் சபை. ராமதுனும் தேவாரமும் இருக்க இது எதற்கு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1959 பிப்ரவரியில், மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவுக்கு வந்தார். மாண்ட்கோமரி நகரத்தில் பஸ் பகிஷ்காரத்தை நடத்தி வென்ற புகழ் அவருக்கு முன்னே வந்திருந்தது. தமிழ்நாட்டுக்கும் வந்தார், கன்னியாகுமரியில் சூரியாஸ்தமனம் பார்த்தார். அவர் பேசிய கூட்டங்களில் எல்லாம் அவர் மனைவி கொரெட்டா தமது முன்னோர்களின் கீதங்களைப் பாட வேண்டியதாயிற்று. தாம் பேசிய அளவுக்கு மனைவியும் பாடினார் என்று கிங் பிறகு எழுதினார். பர்தோலியில் போட்ட விதையின் விளைவு பாட்டாகவே திரும்பி வந்தது என்றால் மிகையன்று.

பாட்டைக் கண்டு சர்க்கார்கள் அஞ்சியதற்கும் சாட்சியங்கள் உண்டு. பால் ராப்ஸனுடைய பாஸ்போர்ட்டை 1950-இல் அமெரிக்க சர்க்கார் பறித்தது. அவரால் நாட்டை விட்டு வெளியேற முடியவில்லை. 1957-இல் லண்டனில் ஜனங்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். நியூயார்க்கிலிருந்து டெலிபோன் கம்பி வழியே ராப்ஸன் பாடினார். ஆளில்லாத மேடையைப் பார்த்துக்கொண்டு ஆயிரம் பேர் கேட்டார்கள். அதே ஆண்டு வேல்ஸ் தேசத்துச் சுரங்கத் தொழிலாளரும் அப்படியே கேட்டார்கள். 1958-இல் அவருடைய அறுபதாவது பிறந்த நாளை இந்தியாவில் கொண்டாடப் பிரதமர் நேரு ஆதரவளித்தார். அமெரிக்காவின் அதிருப்தியைப் பொருட்படுத்தவில்லை. நமக்கு இதெல்லாம் புரியாததன்று. 1928-இல் பாரதி பாடல்களை நமது மாகாண சர்க்கார் பறிமுதல் செய்ததையும், சட்டசபையில் சத்தியமூர்த்தி எழுந்து கர்ஜித்ததையும் நாம் மறந்துவிடவில்லை. புஸ்தகத்தைப் பறிமுதல் செய்தார்கள். பாட்டோ அதற்குள் தெருவில் போய்க்கொண்டிருந்தது. 1930-இல் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு ராஜாஜியின் பின் நடந்த தொண்டர்கள் நாமக்கல்லார் பாட்டைத்தான் ஆயுதமாகக் கொண்டு போனார்கள். வழியோரம் நின்று அதைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அதன் பிறகு கதர் கட்டினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

‘அது வேறு தேசத்தார் பாட்டு, கேட்பதற்கு நல்லதாயிருக்கலாம், நமக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் என்ன?’ என்று இன்னும் சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 1848-இல் பிரெஞ்சுக்காரர் தங்கள் தீவுகளில் அடிமைத்தனத்தை ஒழித்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் நின்றது. தென்னாற்காட்டு ஏழைகளும் தஞ்சைச் சீமை ஏழைகளும் ஒப்பந்தக் கூலிகளாக ஏறினார்கள். ‘ஒரேலி’ என்ற கப்பல் 1853-இல் மார்த்தினீக்கிலும், 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் நமது ஜனங்களைக் கொண்டுபோய் இறக்கியது. ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள் இன்னும் அதிகம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கண்ணீர் விட்ட பாரதியார், ஆப்பிரிக்கர் விட்டுச் சென்ற விலங்கில் தமிழர் காலை நுழைத்த கதையைத்தான் பாடினார்.

அங்கே என்ன நடந்தது? ஆப்பிரிக்கருடைய பாட்டும் தமிழருடைய கூத்தும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகைகளில் வளர்ந்தன. ரீயூனியனில் நமது தெருக்கூத்து ‘தமிழ் ஆட்டம்’ என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுப் பெயரோடு தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டது. குவாதலூப்பில் ‘நாத்ரோன்’ என்ற கூத்து இருக்கிறது. தப்பு என்ற நமது வாத்தியம் அங்கே ‘தப்பூ’. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர்க்குத் தமிழ் தெரியாது. டூபாய்ஸ் குடும்பத்துப் பாட்டைப் போல மெட்டுத்தான் தெரியும். அதே ரீயூனியனில் அடிமைகளின் பாட்டு ‘மலோயா’ என்று பெயர் பெற்றது. கரும்புப் பூந்தண்டுகளைத் தட்டையாகக் கட்டி, உள்ளே விதையிட்டு, ஆட்டி ஒலியெழுப்பும் ‘கயாம்ப்’ என்ற வாத்தியம் அதற்கு உயிர். தன்னை வதைத்த கரும்பையே வாத்தியமாக்கிக்கொண்டான்! வெகுகாலம் அதிகாரிகளின் வெறுப்புக்கு ஆளாகியிருந்த அந்தப் பாட்டை 2009-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியச் செல்வம் என்று ஏற்றது. குவாதலூப்பின் ‘க்வோகா’ முரசுப் பாட்டுக்கு 2014-இல் அந்த மதிப்புக் கிடைத்தது. செஞ்சிச் சீமையின் கூத்தும் ஆப்பிரிக்க முரசும் ஒரே கரும்புக் காட்டில் வளர்ந்தவையாதலால், பஸ்ஸில் அந்த வாலிபர்கள் கேட்ட பாட்டு அயலார் பாட்டாகாது.

கேட்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் தூரம் போகாமலே காணலாம். இலங்கையில் புத்தளத்தை அடுத்துச் சிரம்பியடி என்ற சிற்றூரில் ஆப்பிரிக்க வம்சத்தார் சில குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துகீசியர் முதலாக வந்த ஆட்சியாளர்கள் சிப்பாய்களாகக் கொண்டுவந்தவர்களின் சந்ததி. தேங்காய்ச் சிரட்டை, புட்டி, றபானா இவற்றைத் தட்டி அவர்கள் பாடும் ‘மஞ்ஞா’ பாட்டுகள் போர்த்துகீசியம் கலந்த பழைய பாஷையில் அமைந்தவை. பாஷை பேசுவோர் அற்றுப்போக, பாட்டு மட்டும் வீட்டு முற்றங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குஜராத்தில் சித்திகள் என்ற ஆப்பிரிக்க வம்சத்தார் ரதன்பூரில் பாவா கோர் தர்க்காவில் முகர்மான் முரசு கொட்டி ‘கோமா’ ஆடுகிறார்கள். அந்தப் பெயரே கிழக்கு ஆப்பிரிக்கச் சொல். அங்கே சந்நிதி இருக்கிறது, உற்சவம் இருக்கிறது, கேட்கப் பக்தர் கூட்டம் இருக்கிறது. ஆதலால் பாட்டுக்குப் பயமில்லை. சிரம்பியடியில் சந்நிதி இல்லை.

நாம் சொல்வதையெல்லாம் ராப் என்ற பேரில் வருகிற கூச்சல் அனைத்துக்கும் நற்சாட்சிப் பத்திரமாகக் கொள்ள வேண்டாம். பெண்களை இழிவு செய்வதும், பொன் சங்கிலிப் பெருமை பேசுவதுமாய் அதில் குப்பை நிறைய உண்டு. நமது சினிமாப் பாட்டில் குப்பை இல்லையா? 1973-இல் நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்ற ஏழைப் பேட்டையில், கல்யாண மண்டபத்துக்கு வழியற்ற வாலிபர்கள் அடுக்குவீட்டின் பொது அறையில் கூடி இசைத்தட்டு வைத்து ஆடியதிலிருந்து கிளைத்த கலை அது. கூடிக் கேட்டதில் பிறந்தது, இன்று ஆளுக்கொரு காதில் ஒயராய் முடிந்திருக்கிறது. நமக்கு வருத்தம் அதுதான். ஒரு காலத்தில் பஞ்சாயத்து ரேடியோவின் கீழ் ஊரே உட்கார்ந்து கேட்டது. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கியபோது ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர் மிகச் சிலர், கேட்டவர் அநேகர். இப்போது பெட்டி எல்லாரிடமும் இருக்கிறது. பக்கத்திலிருப்பவன் என்ன கேட்கிறான் என்று ஒருவனுக்கும் தெரியாது. (ஒலிபெருக்கியை மரத்தில் கட்டி, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் காதிலும் நோயாளியின் காதிலும் கொட்டுவதைக் கூடிக் கேட்டல் என்று யாரும் நமக்கு எழுத வேண்டாம். கேட்பதற்குச் சம்மதம் வேண்டும்.)

இன்னொரு சங்கடமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாம் நாணயஸ்தர் ஆகமாட்டோம். தூரத்துத் துக்கத்தைக் கேட்பது சுலபம். தென் கரோலினாவில் அடிமை கையில் முரசிருந்தால் குற்றம் என்றார்கள். நாமோ ஒரு ஜாதியார் கையில் மட்டும் பறையைக் கொடுத்து, அதை நாம் சொன்னபோது அடிக்காவிட்டால் குற்றம் என்றோம். அடித்துப் பிழைத்தவர்களை அந்த வாத்தியத்தின் பெயராலேயே இழிவு செய்தோம். 1946-இல் டாக்டர் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பு மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பும் விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தார். தம் மக்களின் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்றெனக் கண்டார். கிங் 1959-இல் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டாதார் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பிள்ளைகளில் பலர் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள்.

மேல்சித்தாமூர் இருக்கும் இதே விழுப்புரம் ஜில்லாவில், மேல்பாதி கிராமத்துத் தர்மராஜா திரௌபதை அம்மன் கோயிலுக்கு 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் பூட்டிச் சீல் வைத்தார்கள். ஆதிதிராவிட மக்கள் உள்ளே வரலாமா என்பதில் எழுந்த தகராறு. ஹைகோர்ட்டுக்குப் போய்த்தான் கோயில் திறந்தது. யாருடைய கோயில் என்பதை நினைத்துப் பாருங்கள். சபை நடுவே அவமானப்பட்டு, பெரியோர் எல்லாரும் வாய் மூடியிருக்க, நீதி கேட்டவளின் கோயில்! அந்தக் கதையைக் கேட்கவும் ஒரு தெருவார் மட்டும் வரலாம் என்றால், துரியோதனன் சபைக்கும் நமது சபைக்கும் பேதமென்ன?

இந்தப் புண்ணுக்கு மருந்து பாட்டு ஒன்றே என்று சொல்ல நாம் பித்தரல்லோம். சட்டம் வேண்டும், நிலம் வேண்டும், கோர்ட்டு வேண்டும். ஆனால் வாலிபர்களிடம் ஓர் ஆரம்பம் தெரிகிறது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற குழுவார் முதல் கச்சேரி நடத்தினார்கள். வடசென்னைக் கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஏறின. சுடுகாட்டுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கியதை ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டார்கள். 2025-இல் மதுரைப் பறை ஆசான் வேலு அவர்களுக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ வழங்கியது. அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டில் பழகிய காது, அடுத்த தெருப் பறையையும் புதிதாய்க் கேட்கக் கற்றுக்கொண்டது. கலாசாரம் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு மட்டுமன்றி, ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கும் போக வேண்டியிருக்கிறது. முன்னதைக் காட்டிலும் பின்னது கடினம்.

ஆகையால் ஒரு காரியம் சொல்கிறோம். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி மந்திரியாயிருந்தபோது, 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அத்தகைய சட்டங்களில் அதுவே முதலாவது. அதன் பயனாய் நமக்கு ஊர்தோறும் நூலகம் இருக்கிறது. அங்கே ‘சத்தம் போடாதே’ என்று சுவரில் எழுதியிருக்கிறது. மாதத்தில் ஒரு மாலை மட்டும் அந்தப் பலகையைத் திருப்பி வைக்கட்டும். தேச ஊழியர்களான அன்பர்கள் முன்நின்று, இருபது முப்பது பேரைக் கூட்டி, ஒரு பாட்டை ஒலிக்கச் செய்து, அது யார் பாட்டு, எந்தத் துன்பத்தில் பிறந்தது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். ஒரு மாதம் பர்தோலியில் மகாத்மா கேட்டது. ஒரு மாதம் ரீயூனியன் மலோயா. ஒரு மாதம் உள்ளூர்க் கூத்து வாத்தியார். ஒரு மாதம் நயினார் ஒருவர் ஸ்ரீபுராணத்திலிருந்து படிக்கட்டும். ஒரு மாதம் காலனித் தெருப் பறைக் கலைஞர், தக்க சம்மானம் பெற்றுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, தமது வாத்தியத்தின் அடிவகைகளை விளக்கட்டும். பஸ்ஸில் கண்ட அந்த வாலிபர்கள் தங்கள் கைபேசியைக் கொண்டுவரட்டும்; அவர்களிடமும் நமக்குச் சொல்ல விஷயம் இருக்கும். பெரியவரும் வந்து, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று எழுந்து சொல்லட்டும். கேள்வி என்ற சொல்லின் மற்றப் பொருளுக்கும் இடம் வேண்டுமல்லவா?

செலவு அதிகமில்லை. ஒரு சிறு ஒலிப்பெட்டி, ஒரு ஜமக்காளம், குடிக்கத் தண்ணீர். இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நூலகம் சிறியதாயிருந்தால் கோயில் மண்டபத்தைக் கேட்போம் என்று சில ஊர்களில் தோன்றும். எல்லாத் தெருவாரும் உள்ளே வந்து சமமாய் உட்கார முடியும் என்று நிச்சயமாய்த் தெரிந்த மண்டபமானால் அங்கே கூடலாம். தெரியாவிட்டால் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடி போதும்.